சில்லுமூக்கு உடைந்தால் அண்ணாந்து படுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. வெயில் காலம் வந்தாலே சில்லுமூக்கு உடைந்துவிடுகிறது. போன வாரம் தூக்கத்திலேயே தலையணை உறையெல்லாம் ரத்தம். மாமியார் "சூட்டு உடம்பு, மாம்பழத்தை நிறுத்து" என்கிறார். அண்ணாந்து படுக்கவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றுகிறார். ரத்தப் புற்றுநோயாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது டாக்டர்.
- வாசகி, பாலக்கோடு

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. மாம்பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தாராளமாகச் சாப்பிடட்டும். இரண்டு மூக்குத் துவாரங்களுக்கும் நடுவில் உள்ள சுவரின் முன்பக்கம், விரல் எட்டும் தூரத்திலேயே, மெல்லிய ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அங்கேதான் உடைகிறது. தர்மபுரிப் பக்கத்து ஏப்ரல் வெயிலில் காற்று காய்ந்திருக்கும். ராத்திரி முழுக்க ஃபேன் முகத்துக்கு நேராகச் சுற்றினால் மூக்கின் உள்தோல் வறண்டு பொருக்குத் தட்டும். அரிப்பெடுக்கும், பையன் தூக்கத்திலேயே நோண்டுவான். காலையில் அவன் நகத்தைப் பாருங்கள், இடுக்கில் காய்ந்த ரத்தம் தெரிந்தாலும் தெரியும்.

அண்ணாந்து படுக்க வைப்பதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். ரத்தம் தொண்டைக்குள் இறங்கும், பிள்ளை விழுங்குவான், அப்புறம் வாந்தி எடுப்பான். 'ரத்த வாந்தி' என்று அலறிக்கொண்டு வருகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். உட்கார வையுங்கள், தலை சற்று முன்னால் குனியட்டும். வாயால் மூச்சு விடச் சொல்லுங்கள். வாய்க்கு வரும் ரத்தத்தைத் துப்பட்டும்.

இப்போது மூக்கைப் பிடிக்க வேண்டும். எங்கே என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். பிடித்துக் காட்டுங்கள் என்றால், முக்கால்வாசிப் பேர் மேலே உள்ள எலும்பைப் பிடிக்கிறார்கள். எலும்பை அமுக்கி என்ன பயன்? அதற்குக் கீழே மெத்தென்று இருக்கும் பகுதியை, இரண்டு பக்கமும் சேர்த்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுக்கிப் பிடியுங்கள். கடிகாரத்தைப் பார்த்து முழுசாகப் பத்து நிமிடம். நின்றுவிட்டதா என்று நடுவில் கையை எடுத்துப் பார்க்கவே கூடாது, உறையத் தொடங்கிய ரத்தம் மறுபடி உடைந்துகொள்ளும். நிற்கவில்லை என்றால் இன்னொரு பத்து நிமிடம். வெங்காயச் சாறு, எலுமிச்சைச் சாறு எதையும் உள்ளே விடாதீர்கள்.

நின்ற பிறகு அன்று முழுக்க மூக்கைச் சிந்தக் கூடாது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மருந்துக்கடையில் உப்புநீர் சொட்டு மருந்து கிடைக்கும், அதை விடுங்கள். படுக்கும்முன் துவாரத்தின் ஓரத்தில் மெலிதாக வாசலின் தடவுங்கள்.

புற்றுநோய் பயத்துக்கு வருகிறேன். மூக்கில் மட்டும் வந்து நின்றுபோனால் அந்த எண்ணமே வேண்டாம். ஈறிலும் ரத்தம், அடிபடாமலே உடம்பில் நீலத் திட்டுகள், வெளுத்துப்போய்ச் சோர்வு என்று இருந்தால் ரத்தப் பரிசோதனை தேவை. காய்ச்சலோடு ரத்தம் வந்தால் டெங்குவாக இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரே துவாரத்தில் நாற்றத்தோடு சளியும் ரத்தமும் வந்தால், புளியங்கொட்டையோ மணியோ உள்ளே போட்டிருப்பான். பொம்மையின் பொத்தான் பேட்டரி என்ற சந்தேகம் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள், அது உள்ளே அரித்துவிடும்.

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (சிறு வலைக்குழாய்) வைத்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். நேற்று மூக்கில் வந்த ரத்தம் நிற்க வெகுநேரம் ஆனது. மாத்திரையை நிறுத்தலாமா?
- வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: நீங்களாக நிறுத்தவே கூடாது தம்பி, ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். இன்றே இதய டாக்டரிடம் சொல்லுங்கள், பி.பி.யும் பாருங்கள். மூக்கைப் பிடிக்கும் முறை அவருக்கும் மேலே சொன்னதுதான். இந்த வயதில் சிலருக்கு மூக்கின் பின்பகுதியில் உடையும், தொண்டை வழியாகவே இறங்கும். அப்படி இறங்கினாலோ, இருபது நிமிடம் பிடித்தும் நிற்காவிட்டாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் அந்த ரத்தக்குழாயைக் கரித்து அடைப்பார்கள், அல்லது ரத்தத்தை அமுக்கி நிறுத்த மூக்குக்குள் அடைப்பு (பேக்) வைப்பார்கள். கிளம்பும்போது அவருடைய மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.