சனிக்கிழமை வகுப்புக்குப் பிள்ளைகள் வரவில்லையா?

நீங்கள் தொண்டாக நடத்தும் வகுப்பைத் தோட்டப் பள்ளியிலிருந்து மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் டவுனுக்கு மாற்றிப் பாருங்கள், தம்பி. முதல் வாரம் வந்த கூட்டம் மூன்று பேராகக் குறைந்ததற்கு உங்கள் பாடம் காரணமாக இருக்காது. பல குடும்பங்கள் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை விட்டு டவுன் பக்கம் போய்விட்டன. பள்ளி மட்டும் செம்பனை (எண்ணெய்ப் பனை) மரங்களுக்கு நடுவில் நிற்கிறது. வார நாளில் வேன் வரும். சனிக்கிழமை அப்பா மோட்டாரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டால் பிள்ளை எப்படி வரும்?

வெள்ளிக்கிழமை பள்ளி விடும்போது வாசலில் நின்று, யார் யார் எங்கே இறங்குகிறார்கள் என்று வேன் ஓட்டும் அண்ணனிடம் கேளுங்கள். அதிகம் பேர் இறங்கும் இடத்தில் கோயில் மண்டபம் இருந்தால் நல்லது. தலைமையாசிரியரையும் கூட்டிக்கொண்டு போய், வகுப்புக்கு இடம் தருவார்களா என்று கேளுங்கள்.

அப்புறம், நீங்கள் வெளிநாட்டு மாணவர்களுக்கான மாணவர் பாஸில் (படிப்பு விசாவில்) இருக்கிறீர்கள். பெற்றோர் அன்பாகக் கொடுத்தாலும் பணம் வாங்காதீர்கள். பகுதிநேர வேலைக்கே குடிநுழைவுத் துறை அனுமதி வேண்டும். அதுவும் விடுமுறையில், வாரம் 20 மணி நேரம்தான். தொண்டு என்றாலும் கல்லூரியில் முன்பே சொல்லிவிடுங்கள்.