கடிக்கும் பூனையை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடலாமா?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"எங்கள் வீட்டில் முத்து என்ற 9 வயது நாட்டுக் கடுவன் பூனை இருக்கிறது. ஒரு வயதிலேயே கருத்தடை செய்துவிட்டோம். வெளியே விடுவதில்லை. கடந்த மூன்று மாதங்களில் என் மாமியாரின் காலை இரண்டு முறையும் என் கையை ஒரு முறையும் இரத்தம் வரக் கடித்துவிட்டது. மாமியாருக்கு 71 வயது, சர்க்கரை நோய் உண்டு. இரண்டாவது காயம் ஆற மூன்று வாரம் ஆயிற்று. 4 வயதில் மகளும் இருக்கிறாள். சாக்கில் கட்டி உக்கடம் மீன் மார்க்கெட்டில் விட்டுவிடலாம் என்கிறார் கணவரின் அண்ணன். எனக்கு மனம் வரவில்லை. வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமா? முன்பெல்லாம் பீரோவின் மேல்தான் தூங்குவான். இப்போது கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறான். எதிர்வீட்டு மதிலில் புதிதாக ஒரு கடுவன் வந்து உட்காருவதால் மாலையில் பால்கனிப் பக்கம் நின்று கத்திக்கொண்டே இருக்கிறான்."

கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் இரண்டு செய்திகள்தாம் இந்தக் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுகின்றன. அவற்றுக்குப் போகும் முன் மனிதர்களின் காயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மருத்துவரிடம் காட்டியதாக நீங்கள் எழுதவில்லை.

பூனையின் பல் ஊசிபோல இறங்குவதால், மேலே ஒரு புள்ளியாகத் தெரியும் கடி உள்ளே ஆழமாக இருக்கும். பூனையின் வாயில் இயல்பாகவே வாழும் பாஸ்டுரெல்லா போன்ற கிருமிகள் அந்த ஆழத்தில் அடைபட்டு, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வீக்கத்தையும் சீழையும் உண்டாக்கும். சர்க்கரை நோய் உள்ளவருக்கும், கைமூட்டில் கடிபட்டவருக்கும் இது விளையாட்டான காயமே அல்ல. கடித்தவுடன் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தோலைத் துளைத்து இரத்தம் வந்த கடியை ரேபிஸ் சிகிச்சையில் மூன்றாம் வகையாக, அதாவது மிகக் கடுமையான வகையாகக் கொள்வார்கள். தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் போடுவார்கள். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் இலவசமாகக் கிடைக்கிறது. கடித்த பூனை அடுத்த 10 நாட்களும் நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் உமிழ்நீரில் ரேபிஸ் கிருமி இல்லை என்று பொருள். எனவே கடைசிக் கடி நடந்து 10 நாட்களுக்கு மேலாகி, முத்து நலமாகவே இருந்தால், பழைய கடிகளைக் குறித்து அந்தப் பயம் வேண்டாம். ஆனால் இதே காரணத்துக்காக, கடித்த ஆத்திரத்தில் பூனையை உடனே எங்கேயாவது கொண்டுபோய் விடுவது, கடிபட்டவருக்கே செய்யும் தீங்கு. கண்காணிப்பதற்குப் பூனை கையில் இருக்காது.

இனி உங்கள் கேள்வி. வேறு வீடு பார்ப்பதா வேண்டாமா என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் பூனை எத்தனை முறை கடித்தது, எவ்வளவு ஆழமாகக் கடித்தது என்பதையே சொல்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: கடிக்க வைக்கும் காரணம் உங்கள் வீட்டில் இருக்கிறதா, பூனையின் உடம்புக்குள் இருக்கிறதா? வீட்டில் இருக்குமானால், அந்தக் காரணம் இல்லாத இன்னொரு வீட்டில் அதே பூனை அமைதியாக வாழக்கூடும். உடம்பில் இருக்குமானால், நீங்கள் பூனையை யாருக்குக் கொடுத்தாலும் கடியையும் சேர்த்தே கொடுக்கிறீர்கள். வலியோடு இருக்கும் ஓர் உயிர், பழகிய இடத்தையும் இழந்து, புது வீட்டில் முன்னைவிட மோசமாகக் கடிக்கும். அந்த வீட்டாரும் பொறுக்காமல் போனால் அடுத்த இடம் தெருதான். முத்துவிடம் இரண்டு காரணங்களும் சேர்ந்திருக்கலாம் என்றே கருதுகிறேன்.

பீரோவின் மேல் தூங்கிய பூனை கட்டிலுக்கு அடியில் படுக்கத் தொடங்கினால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடுவது நம் வழக்கம். உயரத்தை விரும்பும் பிராணி அது. தாவுவதை நிறுத்துகிறது என்றால் தாவும்போது எங்கோ வலிக்கிறது. 12 வயதைக் கடந்த பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்தபோது பத்தில் ஒன்பதில் மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. 9 வயதில் அது தொடங்கியிருப்பதில் வியப்பில்லை. பூனை நொண்டிக் காட்டாது, முனகாது. தொட்டால் சீறும், காலடி அருகில் வந்தால் கடிக்கும். மூட்டு மட்டுமல்ல, பற்களையும் பார்க்க வேண்டும். முன்பு ஓர் அம்மையார், தடவினாலே கடிக்கிறது என்று ஆறு வயதுப் பூனையை யாருக்காவது கொடுத்துவிடும் எண்ணத்தோடு என்னிடம் கொண்டுவந்தார். மயக்கம் கொடுத்து வாயைத் திறந்து பார்த்தபோது, கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப் பல் ஈறோடு ஈறாகக் கரைந்து, நரம்பு வெளியே தெரிந்தது. பல்லை எடுத்த மூன்றாம் வாரம் அந்தப் பூனை அவர் மடியில் தூங்கிற்று. எல்லாப் பூனைக்கும் இப்படி முடியும் என்று சொல்லமாட்டேன். ஆனால் பரிசோதிக்காமலேயே அந்தப் பூனையைக் கொடுத்திருந்தால், அது எத்தனை வீடு மாறியிருக்கும் என்று இன்றும் நினைத்துப்பார்க்கிறேன்.

ஆகவே முதல் வேலை கால்நடை மருத்துவரிடம் காட்டுவது. வாய், காது, முதுகெலும்பு, இடுப்பு மூட்டு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயும், தைராய்டு, சிறுநீரகம், சர்க்கரை ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனையும் தேவைப்படும். நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டே போகிறதா, ஓயாமல் அலைகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். முதிய பூனைகளில் தைராய்டு மிகையாகச் சுரந்தால் எரிச்சல் கூடும். லிட்டர் பாக்ஸில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராமல் தவித்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். கடுவன் பூனைக்குச் சிறுநீர்ப்பாதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாட்களிலேயே உயிர் போய்விடும். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அதைச் செரித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குக் கிடையாது. அரை மாத்திரையே உயிரைக் குடிக்கப் போதுமானது.

இரண்டாவது காரணம் எதிர்வீட்டு மதிலில் உட்கார்ந்திருக்கிறது. தன் எல்லைக்குள் அயல் கடுவன் வருவதைப் பார்க்கும் பூனைக்கு அதை எட்டிப் பிடிக்க வழியில்லாதபோது, உடம்பில் ஏறிய ஆவேசம் அருகில் யார் அசைகிறார்களோ அவர்கள்மேல் பாய்ந்துவிடும். கருத்தடை செய்த பூனைக்கும் இது உண்டு. உங்கள் மாமியார் மேல் அதற்கு எந்தப் பகையும் இல்லை. மாலையில் அந்தப் பக்கம் நடந்துபோனவர் அவர், அவ்வளவுதான். ஆடும் சேலைக் கரையைப் பார்த்து விளையாட்டாகப் பாய்ந்திருக்கலாமோ என்றும் யோசித்தேன். விளையாட்டுக்குப் பாயும் பூனை சத்தமில்லாமல் பதுங்கி வரும், கடித்துவிட்டு ஓடிவிடும். ஆவேசத்தில் வரும் பூனை உறுமும், காதை மடக்கும், கண்மணி முழுக்க விரிந்து கருத்திருக்கும், விட்டபின்னும் அடங்காது. பாய்வதற்கு முந்தைய ஒரு நிமிடத்தில் பூனை எங்கே இருந்தது, எதைப் பார்த்துக்கொண்டிருந்தது, வால் எப்படி அடித்தது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். கைப்பேசியில் தூர நின்று எடுத்த காணொளி இருந்தால் மருத்துவருக்கு அது இன்னும் உதவும்.

இதற்குச் செய்ய வேண்டியவை எளியவை. ஆனால் முழுமையாகச் செய்ய வேண்டும். பால்கனிக் கதவின் கண்ணாடியிலும் மதில் தெரியும் ஜன்னல்களிலும் பூனையின் பார்வைக்கு எட்டும் உயரம்வரை மறைப்புத் தாளை ஒட்டிவிடுங்கள். மாலை நேரத்தில் பால்கனிக் கதவு திறக்கவே கூடாது. அந்தப் புதுக் கடுவனுக்கு அக்கம்பக்கத்தில் யாரோ சோறு வைக்கிறார்கள் என்றால் அவர்களிடம் பேசி, உள்ளூர்ப் பிராணி நல அமைப்பின் உதவியோடு அதற்கும் கருத்தடை செய்ய முடியுமா என்று பாருங்கள். சண்டையும் சுற்றித்திரிவதும் பெரும்பாலான கடுவன்களில் அதன்பின் வெகுவாகக் குறையும். முத்துவுக்கு ஆவேசம் ஏறிவிட்டால் தூக்கவோ, தடவிச் சமாதானப்படுத்தவோ, அடிக்கவோ முனையாதீர்கள். ஒரு பெரிய அட்டையையோ தலையணையையோ இடையில் பிடித்து, இருட்டான அறைக்குள் ஒதுக்கித் தண்ணீரும் லிட்டர் பாக்ஸும் வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். அடங்குவதற்குச் சில மணி நேரம் ஆகலாம், சில பூனைகளுக்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகும். அடிபட்ட பூனை திருந்தாது. கடிப்பதற்கு முன் கொடுத்துவந்த சீற்றம் என்ற எச்சரிக்கையைக் கைவிட்டு, நேராகக் கடிக்கக் கற்றுக்கொள்ளும்.

இந்த முயற்சிக்கு எவ்வளவு காலம்? வலிக்கு மருந்து தொடங்கிய நாளிலிருந்து ஆறு முதல் எட்டு வாரம் என்பேன். ஆனால் அந்த வாரங்களில் உங்கள் மாமியாரோ மகளோ முத்துவோடு ஓர் அறையில் தனியாக இருக்கக் கூடாது. கதவைச் சாத்திப் பிரித்துவைக்க முடியாத சிறிய வீடாக இருந்தால், பூனையைத் தற்காலிகமாக ஒரு நம்பகமான உறவினர் வீட்டிலோ மருத்துவரின் பராமரிப்பிலோ வைத்துக்கொண்டுதான் சிகிச்சையைத் தொடர வேண்டும். இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்திடம், பூனையையும் குழந்தையையும் பிரித்துவைக்கும் ஏற்பாட்டைப் பற்றி அழுத்திக் கேட்காமலேயே, "இன்னும் ஒரு மாதம் பாருங்கள்" என்று சொல்லிவிட்டேன். அந்த மாதத்துக்குள் குழந்தையின் கன்னத்தில், கண்ணுக்கு மிக அருகில், தையல் போட வேண்டியதாயிற்று. பூனைக்காகப் பேசும் கடமை எனக்கு உண்டு, ஆனால் நான்கு வயதுக் குழந்தையின் கண்ணைப் பணயம் வைத்துப் பேசும் உரிமை இல்லை.

எட்டு வாரத்தில் கடி நின்று, சீற்றமும் குறைந்திருந்தால் முத்துவை வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியை மறைத்ததும் வலி குறைந்ததும் ஓரளவு பயன் தந்து, ஆனாலும் வீட்டின் நடமாட்டத்தைப் பூனையால் தாங்க முடியவில்லை என்று தெரிந்தால், அப்போது வேறு வீடு பார்ப்பது சரியான முடிவு. முதியவரும் குழந்தையும் வேறு பிராணியும் இல்லாத, ஒருவரோ இருவரோ மட்டும் அமைதியாக வாழும் வீட்டில் இத்தகைய பூனைகள் நன்றாகவே இருக்கின்றன. நீங்கள் அதைக் கைவிட்டதாக அதற்குப் பெயரில்லை.

கொடுக்கும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. யாரை, எப்போது, எந்தச் சூழலில் கடித்தது, என்ன மருந்து நடக்கிறது என்று எழுதிக் கொடுங்கள். உண்மையைச் சொன்னால் யார் வாங்குவார்கள் என்று நீங்கள் தயங்கலாம். சொல்லாமல் கொடுத்தால் முதல் கடியிலேயே திரும்பி வரும், அல்லது உங்களிடம் சொல்லாமலேயே தெருவுக்குப் போகும். தடுப்பூசிப் புத்தகத்தையும், பூனை படுக்கும் துணியைத் துவைக்காமல் அதையும் கொடுங்கள்; தன் வாடை இருக்கும் இடத்தில்தான் பூனைக்குத் தைரியம் வரும். புது வீட்டில் முதல் சில நாட்கள் ஒரே அறையில் வைக்கச் சொல்லுங்கள். ஒத்துவராவிட்டால் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

காப்பகத்தில் சேர்ப்பதை நான் அவ்வளவாகப் பரிந்துரைப்பதில்லை. அவர்களுடைய நல்லெண்ணத்தில் குறை எதுவுமில்லை. ஆனால் அயல் கடுவன் ஒன்றைப் பார்த்தே நிலைகுலையும் பூனையை நாற்பது பூனைகளின் வாடைக்கு நடுவே வைத்தால் அது ஒடுங்கிவிடும்.

மருத்துவம், மாற்றங்கள் அனைத்தையும் செய்த பின்னும் எந்தத் தூண்டுதலும் இன்றி ஆழமாகக் கடிக்கும் பூனைகள் மிகச் சில உண்டு. அவற்றுக்கு மனநல மருந்துகள் இருக்கின்றன. கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் ஃபுளுவாக்செட்டின் போன்றவை சில பூனைகளுக்கு நல்ல பலன் தருகின்றன. அதுவும் பயன்படாமல், வலியையும் போக்க முடியாத நிலையில், வலியின்றி உயிர்விட வைப்பதைப் பற்றி மருத்துவரே உங்களிடம் பேசுவார். முத்து அந்த இடத்துக்கு அருகில்கூட இல்லை என்றே உங்கள் கடிதம் எனக்குச் சொல்கிறது.

கணவரின் அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். ஒன்பது ஆண்டுகள் தட்டில் வைத்த சோற்றைத் தின்று வளர்ந்த பூனைக்கு மீன் மார்க்கெட்டில் மீன் கிடைக்காது. அங்கே ஏற்கெனவே எல்லை பிரித்துக்கொண்டிருக்கும் கடுவன்களும், தெரு நாய்களும், அது பார்த்தேயிராத வண்டிகளும்தான் அதை எதிர்கொள்ளும்; மூட்டுவலியோடு மதில் ஏறித் தப்பவும் முடியாது. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், பசியிலும் தாகத்திலும் துன்புறும்படியாக ஒரு பிராணியைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. இந்த வாரமே மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். போகும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே கூடையைத் திறந்து, அதன் படுக்கைத் துணியை உள்ளே விரித்து, கட்டிலுக்கு அருகில் வைத்துவிடுங்கள். தானாகவே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டால் யாருடைய கையும் கடிபடாது.