பிள்ளைகளுக்கு ஒரு கேம் கன்சோல்: எதை எடுக்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

கேள்வி: மகன் ஏழாம் வகுப்பு, மகள் நான்காம் வகுப்பு. எந்நேரமும் என் செல்போனைப் பிடுங்கி விளையாடுகிறார்கள். அதற்குப் பதிலாகக் கையில் வைத்து விளையாடும் கேம் கன்சோல் ஒன்று வாங்கித் தரலாம் என்றிருக்கிறோம். கடையில் பிளேஸ்டேஷன் போர்ட்டல், நின்டெண்டோ ஸ்விட்ச் லைட், ஸ்விட்ச் ஓஎல்இடி மூன்றையும் காட்டினார்கள். போர்ட்டலுக்குத் திரையும் பெரிது, கம்பெனி வாரண்டியும் உண்டு என்கிறார்கள். எதை எடுக்கட்டும்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் வீட்டில் பிஎஸ்5, அதாவது டிவியில் மாட்டி ஆடும் பிளேஸ்டேஷன் 5 கன்சோல், இருக்கிறதா? இல்லையென்றால் போர்ட்டலை வாங்கவே வாங்காதீர்கள். 2024 டிசம்பரில் 18,990 ரூபாய்க்கு இங்கே விற்பனைக்கு வந்த அந்தக் கருவிக்குள் எந்த கேமும் ஓடாது. வீட்டிலிருக்கும் பிஎஸ்5இல் ஓடுகிற கேமை வைஃபை வழியாக வாங்கித் தன் 8 அங்குலத் திரையில் காட்டும், அவ்வளவுதான். இதைச் சொல்லாமல் விற்றால் அது ஏமாற்று வேலைதான். சில நாடுகளில் பிஎஸ்5 இல்லாமலே இணையத்திலிருந்து நேரடியாக ஆட வழி வந்திருக்கிறது; அதற்கு வேண்டிய சந்தாவை இந்தியாவில் தருவதில்லை.

மீதி இரண்டில், உங்கள் வீட்டுக்கு ஓஎல்இடிதான் என்பேன். பிள்ளைகள் இரண்டு பேர் என்பதுதான் காரணம். ஓஎல்இடியின் இரு பக்கக் கைப்பிடிகளையும் கழற்றினால் ஆளுக்கொரு கன்ட்ரோலர் ஆகிவிடும். டிவியில் மாட்டி இருவரும் சேர்ந்து உட்கார்ந்து மரியோ கார்ட் என்ற கார் பந்தய கேம் ஓட்டலாம். லைட்டில் கைப்பிடி கழலாது, டிவியிலும் மாட்ட முடியாது. 275 கிராம்தான், கைக்கு அடக்கமானது, ஒற்றைப் பிள்ளைக்கு அருமையான பொருள். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் அதுவே தினமும் ஒரு சண்டை.

இன்னொரு காரணம் ரிப்பேர். ஸ்விட்சின் கட்டைவிரல் ஸ்டிக் நாளாக நாளாகத் தேய்ந்து, தொடாமலே தானாக நகர ஆரம்பிப்பது உலகம் முழுக்க வந்த புகார். 2020இல் நின்டெண்டோ தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவாவே இதற்கு வருத்தம் தெரிவித்தார். ஓஎல்இடியில் அந்தக் கைப்பிடியை மட்டும் மாற்றினால் போதும். லைட்டில் ஸ்டிக் உடலோடு சேர்ந்தது. முழுக் கருவியையும் பிரிக்க வேண்டும். நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை, சர்வீஸ் சென்டரும் கிடையாது. கடைக்காரர் சொல்லும் "ஒரு வருஷ வாரண்டி" அந்தக் கடை தரும் வாரண்டிதான். அதை வாய்ச்சொல்லாக விடாமல் ஜிஎஸ்டி பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பின்னால் கடைக்காரர் கையை விரித்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்ய அந்தப் பில்தான் ஆதாரம்.

பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதிக்குள் ஸ்டிக்கைச் சரிபார்க்கும் திரை இருக்கிறது. அங்கே ஒரு வட்டமும் நடுவே ஒரு குறியும் தெரியும். ஸ்டிக்கை ஓரம்வரை தள்ளிச் சட்டென்று விடுங்கள். குறி நேராக நடுவுக்கு வந்து அசையாமல் நிற்க வேண்டும். நாலு திசையிலும், இரண்டு ஸ்டிக்கிலும் பாருங்கள். இடப்பக்கமோ வலப்பக்கமோ கொஞ்சம் தள்ளி நின்றால் அந்தப் பெட்டி வேண்டாம், வேறு எடுக்கச் சொல்லுங்கள்.

பட்ஜெட் போடும்போது கேம் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நின்டெண்டோ கேம்கள் பழசானால் மலிவாகும் என்று காத்திருப்பதில் பலனில்லை. 2017இல் 60 டாலருக்கு வந்த மரியோ கார்ட் 8 டீலக்ஸுக்குப் பல வருஷம் கழித்தும் அமெரிக்காவில் அதே பட்டியல் விலைதான். அதனால் டவுன்லோடு வேண்டாம், கருவியில் செருகும் சின்ன அட்டையாக, அதாவது கார்ட்ரிட்ஜாகவே வாங்குங்கள். ஆடி முடித்ததை விற்கலாம், பள்ளி நண்பர்களோடு மாற்றிக்கொள்ளலாம். சீனாவில் விற்பதைத் தவிர, எந்த நாட்டுக் கார்ட்ரிட்ஜும் எந்த நாட்டு ஸ்விட்சிலும் ஓடும். தபால்தலை அளவே இருப்பதால், குழந்தைகள் விழுங்கிவிடக் கூடாதென்று அதன் மேல் கடும் கசப்பு மருந்து பூசியிருக்கிறார்கள்.

செல்போன் தொல்லைக்கு: நின்டெண்டோவின் பெற்றோர் கட்டுப்பாட்டு ஆப்பை உங்கள் போனில் போட்டு, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்று நீங்களே வரம்பு வைத்துவிடலாம்.

கேள்வி: கம்ப்யூட்டர் கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் என் கணக்கில் நாற்பது கேம்கள் இருக்கின்றன. அவற்றைக் கையில் வைத்து ஆட எந்தக் கருவி வாங்கலாம், ஸ்டீம் டெக்கா, ரோக் அல்லையா?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: நீங்கள் வேலரன்ட், ஃபோர்ட்நைட் போன்ற ஆன்லைன் போட்டி கேம்கள் ஆடுபவர் என்றால் டெக் ஆகாது. அது விண்டோஸில் அல்ல, லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தில் ஓடுவது. அந்த கேம்களின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் அதில் வேலை செய்யாது. அல்லையில் விண்டோஸ் இருப்பதால் அந்தப் பிரச்சினை இல்லை. தனியாக ஆடும் கதை கேம்கள்தான் உங்களுக்கு என்றால் டெக் சுகமானது: பட்டனை அழுத்தினால் தூங்கும், மறுபடி அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் டெக்கைத் தயாரிக்கும் வால்வ் அதை இந்தியாவில் விற்பதில்லை. அல்லையை ஏசுஸ் 2023 முதல் இங்கேயே விற்கிறது.

பேட்டரியையும் கணக்குப் பார்த்துவிடுங்கள். முதல் அல்லை, எல்சிடி திரை உள்ள டெக் இரண்டிலும் பேட்டரிக் கொள்ளளவு 40 வாட்-மணி. பெரிய கேம் ஒன்று திரையோடு சேர்த்து 20 வாட் இழுத்தால் 2 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். டெக்கின் ஓஎல்இடி மாடலில் 50, அல்லை எக்ஸ் என்ற மாடலில் 80. பஸ், ரயிலில் ஆடுவதற்கென்றால் அல்லை எக்ஸுக்குச் சேர்த்து வைப்பது நல்லது. விடுதியில் பிளக் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆடப் போகிறீர்கள் என்றால் பழைய அல்லையே தாராளம்.

கேள்வி: சித்தப்பா ஜப்பானிலிருந்து வருகிறார். அங்கே நின்டெண்டோவின் புதிய கன்சோல் ஸ்விட்ச் 2 மலிவாமே?
– வாசகர், சேலம்

பதில்: மலிவுதான், அதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. 2025 ஜூனில் வந்தபோது அங்கே 49,980 யென்னுக்கு விற்றது ஜப்பானிய மொழி மட்டுமே உள்ள மாடல். ஜப்பான் கணக்கை மட்டும்தான் அது ஏற்கும். ஆங்கில மெனு வராது. எல்லா மொழியும் உள்ள மாடல் அப்போது 69,980 யென், அதுவும் நின்டெண்டோவின் சொந்தக் கடையில். சித்தப்பாவிடம் பல மொழி மாடல்தானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள். கூடவே மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற வேகமான மெமரி கார்டு ஒன்றும் வாங்கி வரட்டும். உங்களிடம் இருக்கும் சாதாரண மெமரி கார்டில் ஸ்விட்ச் 2 கேம்களைப் போட்டு ஆட முடியாது.