சாலைப் பணம் யாருடையது?

அன்புள்ள ஐயா,

நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெட்ரோல், டீசல் மீது சாலைக்கென்று செஸ், அதாவது ஒரு செலவுக்கென்றே போடும் தனி வரி, வசூலித்துவிட்டு, அதைப் பொதுச் செலவுக்குத் திருப்பிவிடுகிறார்கள். வண்டி ஓட்டுபவன் கொடுத்த பணம் சாலைக்குத்தானே போகவேண்டும்? இதைத் திருட்டு என்று சொல்ல ஏன் தயங்குகிறீர்கள்? அப்படியே சுங்கச்சாவடிக் கொள்ளை பற்றியும் எழுதுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சுங்கச்சாவடியை இன்னொரு நாள் பார்ப்போம், இந்த வயதில் இருவருக்குமே ரத்தக்கொதிப்பு நல்லதல்ல. செஸ் பற்றி நானே ஒரு நண்பரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

சாலை நிதியில் கைவைப்பது பழைய வழக்கம். பிரிட்டனில் சர்ச்சில் நிதியமைச்சராக இருந்தபோது செய்தார். இங்கே சாலைகளைப் பற்றி ஆராய்ந்த ஜெயகர் குழு சொல்லி, 1929இல் பெட்ரோல் வரியிலிருந்து சாலை நிதி உருவானது. சாலைக்குப் போதவில்லை என்ற புலம்பலுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான்.

ஆனால் "வண்டி ஓட்டுபவன் கொடுத்த பணம்" என்கிறீர்களே, அது எரிச்சலாக இருக்கிறது. டவுன் பஸ்ஸில் கூடையோடு ஏறுகிற பூக்காரம்மா டீசல் வரி கட்டவில்லையா? லாரியில் வரும் தக்காளியை வாங்குகிறவர்கள்? அவர்களுக்கு உங்கள் நான்குவழிச் சாலையைவிட ஆஸ்பத்திரி அவசரமாக இருக்கலாம். கார் வைத்திருப்பவர்தான் வரி கட்டுகிறார் என்ற நினைப்பைப் படித்தவர்கள் முதலில் விடவேண்டும்.

என் அப்பா ஊரில் தலைக்கட்டு வரிக்குக் கணக்கு எழுதியவர். ஒரு வருஷம் தேர் பழுதுபார்க்க வசூலித்த பணம் பள்ளிக்கூடத்துக் கூரைக்குப் போனது. பெரிய ரகளை. அப்பா வரவையும் செலவையும் ஊர்ச் சாவடிச் சுவரில் கரிக்கட்டியால் எழுதிவைத்தார். திட்டுவது நிற்கவில்லை, தேரை மறந்தவன் என்றார்கள். திருடன் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

டெல்லியில் அந்தச் சுவர் இல்லை. 2018 பட்ஜெட்டைப் பாருங்கள். லிட்டருக்கு அடிப்படைக் கலால் வரியில் 2 ரூபாய் குறைத்தார்கள். சாலைக்கென்று இருந்த 6 ரூபாய் கூடுதல் வரியை எடுத்தார்கள். அதே கையோடு 8 ரூபாய்க்குச் சாலை, உள்கட்டமைப்பு செஸ் போட்டார்கள். பெட்ரோல் பங்கில் விலை அசையவில்லை. பிறகு எதற்கு இந்த வேலை? அடிப்படைக் கலால் வரியில் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு, அப்போது அது 42 சதவீதம். செஸ்ஸில் கிடையாது, அரசமைப்பின் 270ஆம் பிரிவே அதை விலக்கிவைக்கிறது. 2 ரூபாய் பெயர் மாறியதும் லிட்டருக்கு 84 பைசா மாநிலங்களின் கணக்கிலிருந்து போய்விட்டது. ஊருக்குள் போகிற சாலைகளைப் போடுவது யார்? மாநிலங்கள்தான். சாலையின் பெயரைச் சொல்லியே சாலை போடுகிறவனின் பங்கை எடுத்திருக்கிறார்கள். நீங்களோ வசூலான செஸ் எங்கே போனது என்பதோடு நின்றுவிடுகிறீர்கள். அது செஸ்ஸாக ஆனது எப்படி என்று கேட்க வேண்டாமா?

சட்டத்தையும் அப்போதே திருத்திவிட்டார்கள். 2000ஆம் ஆண்டின் மத்திய சாலை நிதிச் சட்டத்தில் 'உள்கட்டமைப்பு' சேர்ந்தது. ரயில்வே, குடிநீர், மருத்துவமனை எல்லாம் அந்தப் பட்டியலில் வந்துவிட்டன. ஆகவே உங்கள் 'திருட்டு' கோர்ட்டில் நிற்காது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சொன்னது வேறு. 2018-19இல் 35 வகை செஸ், தீர்வைகளில் வசூலானது 2,74,592 கோடி ரூபாய். அவற்றுக்கான நிதிகளுக்குப் போய்ச் சேர்ந்தது 1,64,322 கோடி. மிச்சம் அரசின் பொதுக் கஜானாவான தொகுப்பு நிதியிலேயே தங்கிவிட்டது. ஆஸ்பத்திரி கட்டினோம் என்றாவது சொன்னால் சண்டை போடலாம். எதுவுமே சொல்லாதவர்களோடு என்ன செய்வது?

கோபித்துக்கொள்ளாதீர்கள். வெயிலில் தார் வாசனையோடு நின்று வேலை பார்த்தவருக்குச் சாலைப் பணம் வேறெங்கோ போவது வலிக்கும், எனக்குப் புரிகிறது. ஒன்று செய்யுங்கள். மாநிலத்திடம் பணம் இல்லை என்று உங்களுக்குத் திரும்பி வந்த எஸ்டிமேட்டுகள் நிறைய இருக்கும். எந்தச் சாலை, எவ்வளவு கேட்டீர்கள் என்று நினைவிருப்பதையெல்லாம் எழுதி அனுப்புங்கள். 84 பைசாவோடு சேர்த்து இங்கே போடுகிறேன்.