மாணவர் விசாவில் மலைப் படங்களை விற்கலாமா?

கேள்வி: கிளாஸ்கோவில் முதுநிலைப் பட்டம் படிக்கிறேன். வார இறுதிகளில் கிளென்கோவுக்குப் போய் நிலக்காட்சிப் படங்கள் எடுக்கிறேன். அவற்றை ஃபிரேம் போட்டு மாட்டி விற்றுத் தருவதாக ஒரு காபிக் கடைக்காரர் சொல்கிறார். ஆண்டுக்கு 1,000 பவுண்டுக்குள் சம்பாதித்தால் சிக்கல் இல்லை என்கிறார், எனக்குக் கல்லூரியில் இடம் வாங்கித் தந்த ஏஜென்ட். விற்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். மாணவர் விசாவில் சுயதொழிலுக்கு அனுமதி கிடையாது. உங்கள் படத்தை நீங்களே விலை வைத்து விற்பது சுயதொழில்தான். ஒன்று விற்றாலும் அப்படித்தான்.

உங்கள் ஏஜென்ட் சொன்ன 1,000 பவுண்டு என்பது வரித் துறையின் சலுகை. அந்த அளவுக்குள் வந்த வியாபார வருமானத்துக்கு வரி கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான். விசா கொடுப்பது உள்துறை. வரி இல்லை என்பதற்காக வேலை செய்யும் உரிமை வந்துவிடாது. இந்த அரைகுறைக் கணக்கை நம்பி வந்து நிற்கும் மாணவர்களைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. பிரிட்டனில் பதிவு பெறாதவர் தொழிலாக விசா ஆலோசனை சொல்வதே குற்றம். ஊரில் உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் சொல்பவரை யார் போய்க் கேட்பது? உங்களைச் சேர்த்துவிட்ட கமிஷன் கைக்கு வந்ததோடு அவர் கவலை தீர்ந்தது. “நண்பர் பெயரில் பணம் வாங்கிக்கொள்” என்று அடுத்த யோசனையும் அவரிடமிருந்தே வரும். அதையும் கேட்காதீர்கள், உங்களோடு நண்பரும் மாட்டுவார்.

உணவகத்தில் தட்டுக் கழுவுங்கள், பாடம் நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரம் வரை அரசுக்குச் சம்மதம். விடியற்காலைக் குளிரில் கூபல் ஆற்றங்கரையில் முக்காலியை ஊன்றி, பனி விலகும் வரை காத்திருந்து எடுத்த புவாச்சல் எட்டிவ் மோர் மலையின் படத்தை விற்றால் விசா நிபந்தனை மீறல். இதில் என்ன நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள். பக்கம் பக்கமாக வழிகாட்டுதல் வெளியிடுபவர்களுக்கு இதைத் தெளிவாக நாலு வரியில் எழுத மனம் வரவில்லை.

படம் எடுக்கத் தடை ஏதும் இல்லை. ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் மலையிலும் ஆற்றங்கரையிலும் பொறுப்போடு நடமாடும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது.

உங்களைப் போன்றவர்களுக்குப் பொதுவான வழி, படிப்புக்குப் பின் கிடைக்கும் பட்டதாரி விசா. அதில் சுயதொழில் செய்யலாம். ஆனால் எப்போதிலிருந்து என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். தேர்வு முடிந்தால் போதாது. பட்டம் உறுதியானாலும் போதாது. விண்ணப்பித்துப் பணம் கட்டிய ரசீது இருந்தாலும் போதாது. விசா வழங்கப்பட்டது என்ற முடிவு உங்கள் கைக்கு வர வேண்டும். அதற்கு முந்தின நாள் விற்றாலும் தவறுதான். மாணவராக இருந்தபோது எடுத்த படங்களை அதன்பின் தாராளமாக விற்கலாம். பதிப்புரிமை உங்களுடையதே, பதிவு செய்யத் தேவையில்லை.

கடைக்காரர் விலைச்சீட்டு இல்லாமல் சும்மா மாட்டிவைக்கிறேன் என்றாலும், உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். அங்கே ஆலோசனை இலவசம். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். அதுவரை மூலக் கோப்புகளை யாரிடமும் கொடுக்காதீர்கள்.