குறைமாதத்தில் வலி வந்தால்: மகப்பேறு மருத்துவரின் பதில்கள்

37 வாரம் முடியும் முன் வரும் பிரசவ வலி பற்றிய கேள்விகள் இவை. மருந்தளவுகள் டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும் மட்டும். அதைப் பார்த்து யாரும் மருந்துக் கடைக்குப் போக வேண்டாம்.

டாக்டர், எனக்கு 31 வாரம். சாயங்காலமானால் வயிறு கல் மாதிரி இறுகுகிறது. சூட்டு வலிதான், சீரகத் தண்ணி குடித்துப் பார் என்கிறார் மாமியார்.

நிறைமாதம் என்றால் நானும் குடித்துப் பாருங்கள் என்பேன். 31 வாரத்தில் அந்தச் சோதனைக்கெல்லாம் நேரம் கிடையாது. எப்போதாவது இறுகி, கொஞ்சம் படுத்தால் அடங்கிவிடுவது பெரும்பாலும் சூட்டு வலி. விட்டுவிட்டு ஒரே கணக்காக வந்தாலோ, இடுப்பு வலித்து அடிவயிறு கனத்தாலோ, நீரோ ரத்தமோ பட்டாலோ ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள்.

மேடம், நான் பி.ஜி. படிக்கிறேன். வலி இருக்கிறது, கருப்பை வாய் 1 செ.மீ. தான் திறந்திருக்கிறது. அட்மிட் செய்வதா, வீட்டுக்கு அனுப்புவதா?

விரலை மட்டும் நம்பாதீர்கள். ஒருவர் 1 என்பதை அடுத்தவர் 2 என்பார். நஞ்சுக்கொடி கீழே இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, பிறப்புறுப்பு வழி ஸ்கேனில் கருப்பை வாயின் நீளத்தை அளவெடுங்கள். 30 மி.மீ.க்கு மேல் என்றால் ஒரு வாரத்துக்குள் பிரசவமாகும் வாய்ப்பு மிகக் குறைவு. 15-க்குக் கீழே என்றால் உண்மையான வலி என்றே வைத்துச் சிகிச்சை தொடங்குங்கள். நடுவில் இருப்பவர்களைத்தான் சில மணி நேரம் வைத்துப் பார்த்து, மறுபடி பரிசோதிக்க வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனையை மறக்காதீர்கள். வயிறு தளராமல் மரக்கட்டையாகவே இருந்தால் நஞ்சுக்கொடி பிரிகிறதா என்று யோசியுங்கள். அங்கே வலியை அடக்க மருந்து கொடுப்பது ஆபத்து.

நான் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர். 32 வாரத் தாய் வலியோடு வந்தால், ஊசியெல்லாம் பெரிய ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ளட்டும் என்று அனுப்பிவிடலாமா மேடம்?

கூடாதும்மா. முதல் ஊசி உங்கள் கையால்தான் போக வேண்டும். டெக்சாமெத்தசோன் 6 மி.கி., தசையில், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக மொத்தம் நான்கு. 24 முதல் 34 வாரம் வரை இதுதான் குழந்தையின் நுரையீரலுக்கு நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. நியூசிலாந்து மருத்துவர் லிக்கின்ஸ் ஆட்டுக்குட்டிகளில் கவனித்ததை, அவரும் ஹோவியும் தாய்மாரிடம் நிரூபித்து 1972-லேயே எழுதிவிட்டார்கள். நம் நாட்டு மருத்துவமனைகளில் இது பலிக்குமா என்ற சந்தேகத்தையும், இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2020-ல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வு தீர்த்துவைத்தது: பச்சிளங்குழந்தை இறப்பு குறைந்தது. காய்ச்சலோ நாற்றமுள்ள நீரோ இருந்தால் மட்டும் போனில் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஊசி போட்ட நேரத்தைச் சீட்டில் எழுதி, பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்கே 108-ல் ஏற்றுங்கள்.

வலியை அடக்கக் கொடுத்த மாத்திரையை இரண்டே நாளில் நிறுத்திவிட்டார்கள். பிரசவம் வரை கொடுத்தால் என்ன?

தம்பி, நிஃபெடிபின் என்ற அந்த மாத்திரை வலியைத் தள்ளிப்போடுமே தவிர, ஒழித்துவிடாது. அந்த 48 மணி நேரம், குழந்தையின் நுரையீரலுக்கான ஊசி வேலை செய்யவும் உங்கள் மனைவியைச் சரியான ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும்தான். அதற்குப் பிறகும் தொடர்வதால் குழந்தைக்குக் கூடுதல் நன்மை என்று நிரூபணமாகவில்லை. உங்கள் டாக்டர் செய்தது சரி.

29 வாரம், 5 செ.மீ. திறந்தாயிற்று. மெக்னீசியம் கொடுக்கலாமா மேடம்?

கொடுங்கள். வலியை நிறுத்த அல்ல, குழந்தையின் மூளைக்காக. 32 வாரத்துக்கு முன் பிறப்பவர்களுக்குப் பெருமூளை வாதம் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. 4 கிராம் நரம்பு வழியாக மெதுவாக, பிறகு மணிக்கு 1 கிராம், பிரசவம் வரை அல்லது 24 மணி நேரம். முழங்கால் அனிச்சை, மூச்சு, சிறுநீர் மூன்றையும் பாருங்கள். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் பக்கத்திலேயே இருக்கட்டும்.

எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் போட்டுவிடுவது நல்லதுதானே?

பனிக்குடம் உடையாமல், தொற்றுக்கான அறிகுறியும் இல்லாமல் இருந்தால் வேண்டாம். உடைந்திருந்தால் எரித்ரோமைசின் 250 மி.கி. தினம் நான்கு வேளை, 10 நாள்.

மகளைப் படுக்கையை விட்டு எழவே விடாமல் வைத்திருக்கிறோம்.

எழ விடுங்கள். படுத்தே கிடப்பதால் பிரசவம் தள்ளிப்போவதில்லை, காலில் ரத்தம் உறையலாம்.

முதல் குழந்தை 30 வாரத்தில் பிறந்தது. இப்போது மறுபடி 10 வாரம்.

16-வது வாரத்திலிருந்து 24 வரை கருப்பை வாய் நீளத்தை ஸ்கேனில் பார்த்துவர வேண்டும். 25 மி.மீ. அல்லது அதற்குக் கீழே இறங்கினால் இரவில் பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் புரோஜெஸ்ட்ரான் ஹார்மோன் 200 மி.கி., அல்லது கருப்பை வாய்த் தையல். எது என்பதை உங்கள் டாக்டர் முடிவுசெய்வார். வாரம் ஒரு ஹார்மோன் ஊசி போடும் பழைய முறையை யாராவது சொன்னால், பலனில்லை என்று அமெரிக்காவில் 2023-ல் அதற்கான அனுமதியையே ரத்துசெய்துவிட்டார்கள் என்று சொல்லுங்கள். முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.