பனிக்குடச் சவ்வு வைத்தால் அம்மாவுக்குப் பார்வை திரும்புமா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “என் அம்மாவுக்கு வயது 63. வலது கண் விழித்திரையின் நடுவில் துளை விழுந்து, போன ஆண்டு புதுச்சேரியில் அறுவை சிகிச்சை செய்தோம். துளை மூடவில்லை. இப்போது பனிக்குடச் சவ்வை வைத்து மறுபடி செய்யலாம் என்கிறார்கள். பிரசவத்தில் கழியும் பொருளைக் கண்ணுக்குள் வைப்பதா என்று அம்மா தயங்குகிறார். இது பாதுகாப்பானதா? பார்வை வருமா? தங்கையின் பிரசவத்துக்கு மூன்று மாதத்தில் அவர் சிங்கப்பூர் போகவும் வேண்டும்.”

பார்வையைப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற முடிவுகள் எல்லாம் அதைப் பொறுத்தவை.

துளை மூடுவது வேறு, பார்வை வருவது வேறு. எழுத்தையும் முகத்தையும் அடையாளம் காண உதவும் மாக்குலா என்ற நடுப்பகுதியில்தான் அம்மாவுக்குத் துளை இருக்கிறது. அது நீண்ட நாள் திறந்தே கிடந்தால் அங்குள்ள ஒளி உணரும் செல்கள் நலிந்துவிடும். சவ்வு அந்தச் செல்களுக்கு மாற்று அல்ல. துளையை அடைத்து, சுற்றியுள்ள விழித்திரை நகர்ந்து வந்து சேர ஒரு தளமாக இருப்பதே அதன் வேலை. துளை அழகாக மூடியும் பார்வைப் பலகையில் ஒன்றிரண்டு வரி மட்டும் கூடுதலாகப் படிப்பவர்கள் உண்டு. அதுகூட இல்லாதவர்களும் உண்டு. நடுவில் தெரியும் கரும்புள்ளி சுருங்குவதே சிலருக்குப் பெரிய ஆறுதல். ஆகவே மருத்துவரிடம் “வெற்றி வாய்ப்பு எவ்வளவு?” என்று மட்டும் கேட்காதீர்கள். “மூடினால் அம்மாவால் எதைச் செய்ய முடியும்? விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேனில் ஒளி உணரும் அடுக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது?” என்று கேளுங்கள்.

செய்யாமல் விடுவதும் ஒரு வழிதான். இந்தத் துளையால் கண் முழுக்க இருண்டுவிடாது, பக்கப் பார்வை இருக்கும். இடது கண் நன்றாக இருந்து, வலது கண்ணில் பலன் குறைவு என்று ஸ்கேன் சொன்னால், வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அவருக்குக் கடுமையான கிட்டப்பார்வை இருந்தால் கணக்கு மாறும். அத்தகைய கண்ணில் துளை வழியாக விழித்திரையே பிரிந்துவிடலாம். அப்போது பார்வை கூடாவிட்டாலும் துளையை மூடுவது அவசியம்.

இனி அம்மாவின் தயக்கம். அதைப் பழமை என்று ஒதுக்காதீர்கள். தன் கண்ணுக்குள் போவது எது என்று கேட்பது நியாயம். கருவிலிருக்கும் குழந்தையைச் சூழ்ந்து காத்த மெல்லிய உறைதான் இந்தச் சவ்வு. திட்டமிட்ட சிசேரியனின்போது, தாயின் சம்மதத்துடன் தூய்மையான சூழலில் எடுக்கிறார்கள். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள், சிபிலிஸ் ஆகியவற்றுக்குத் தாயின் ரத்தத்தைச் சோதித்த பிறகு, பதப்படுத்திப் பாதுகாக்கிறார்கள். அதில் ரத்த நாளங்கள் கிடையாது. உடல் அதை எதிர்ப்பது மிகக் குறைவு என்பதால், சிறுநீரக மாற்றுக்குப் பிறகு தருவது போன்ற மாத்திரைகள் தேவைப்படுவதில்லை. கண்ணின் மேற்பரப்புச் சிகிச்சையில் 1940-லேயே முயன்று பார்க்கப்பட்ட பொருள் இது. விழித்திரைத் துளைக்கு இதைக் கொண்டுவந்தவர் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் பணியாற்றிய கண் மருத்துவர் ஸ்தனிஸ்லாவோ ரிட்சோ. அவர் குழுவின் முடிவுகள் 2019-இல் வெளிவந்தன. அதாவது விழித்திரையைப் பொறுத்தவரை இது இளம் சிகிச்சை. நம்பிக்கை தரும் முடிவுகள் வந்துள்ளன, ஆனால் நீண்டகால அனுபவம் இன்னும் சேர வேண்டும். சவ்வு பதிவு பெற்ற திசு வங்கியிலிருந்து வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுவை முறை முந்தையதைப் போன்றதே. துளையின் அளவுக்கு வெட்டிய சவ்வை விளிம்புகளுக்கு அடியில் செருகி, கண்ணுக்குள் கேஸ் அல்லது சிலிக்கான் ஆயில் நிரப்புவார்கள். சவ்வு நகர்ந்துவிடுதல், தொற்று, விழித்திரை பிரிதல் ஆகிய ஆபத்துகள் உண்டு. பிறகு வரும் ஸ்கேன்களில் சவ்வு பல மாதங்கள் தெரியும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மனதில் சந்தேகம் இருந்தால் ஜிப்மரிலோ தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையிலோ பழைய ஸ்கேன்களைக் காட்டி இரண்டாவது கருத்துக் கேளுங்கள். இது ஒரே நாளில் முடிவெடுக்க வேண்டிய அவசரம் அல்ல.

சிங்கப்பூர் பயணத்தை இப்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கண்ணுக்குள் கேஸ் இருக்கும்போது விமானம் ஏறக் கூடாது. மேலே காற்றழுத்தம் குறைவதால் கேஸ் விரிந்து, கண் அழுத்தம் எகிறி, உள்ள பார்வையும் பறிபோகலாம். ஏற்காடு, ஊட்டி போன்ற மலைகளுக்கும் இதே எச்சரிக்கைதான். எஸ்.எஃப்.6 என்ற கேஸ் சுமார் இரண்டு வாரமும், சி3எஃப்8 ஆறு முதல் எட்டு வாரமும் தங்கும். கேஸ் முழுவதும் கரைந்துவிட்டது என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே டிக்கெட் எடுங்கள். ஆயில் என்றால் விமானம் தடையில்லை, ஆனால் அதை எடுக்க இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும். புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு பஸ்ஸிலோ காரிலோ வருவதில் சிக்கல் இல்லை. வழியிலும் வீட்டிலும், சொன்ன நாள்வரை முகம் தரையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். வயதானவருக்கு இது பெரிய பாடு, கழுத்து வலிக்கும். பக்கத்தில் ஆள் இருப்பதற்கு ஏற்பாடு செய்த பிறகே தேதி குறியுங்கள்.

வீடு திரும்பிய பின் வலி கூடினாலோ, கண் மேலும் சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ மறுநாள்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சிலருக்கு அடுத்த கண்ணிலும் துளை வரும். அதனால் வாரம் ஒருமுறை அம்மா வலது கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பிகளைப் பார்க்கட்டும். கம்பி வளைந்தோ நடுவில் அறுந்தோ தெரிந்தால், உடனே இடது கண்ணுக்கும் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.